லேப்டாப்புக்கு உயிரே வரவில்லை: உங்களுக்கு என்ன நடந்தது, எப்படிச் சரியானது?

பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. விசிறிச் சத்தமும் இல்லை. முந்தைய இரவு வரை நன்றாக ஓடிய என் தங்கையின் லேப்டாப் இந்த நிலையில்தான் என் கைக்கு வந்தது. சார்ஜர் பெட்டியில் விளக்கு எரிகிறது, வேறு பிளக்கில் போட்டும் பார்த்தாயிற்று. வீட்டில் எல்லாரும் "போர்டு போயிடுச்சு", அதாவது உள்ளே எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தேன். பிறகு சார்ஜரை மட்டும் செருகி, சற்றுப் பொறுத்து ஒருமுறை தட்டினேன். ஆன் ஆகிவிட்டது.

இது ஏதோ அதிர்ஷ்டத்தில் நடந்ததில்லை. நாம் அழுத்தும் பட்டன் நேராகப் பிராசஸருக்குப் போவதில்லை. போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு சிறிய சிப் இருக்கிறது. சார்ஜ் ஏற்றுவது, விசிறி, விசைப்பலகை, பவர் பட்டன் எல்லாம் அதன் பொறுப்பு. மற்றவை அணைந்திருக்கும்போதும் அது விழித்தே இருக்கும். அந்தச் சிப் சிக்கிக்கொண்டால், நாம் எத்தனை முறை தட்டினாலும் கேட்க ஆளில்லை. நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்கும்போது கப்பாசிட்டர்கள் என்ற சிறு மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடிந்து, அது புதிதாகத் தொடங்குகிறது. பேட்டரியைக் கையால் கழற்ற முடிகிற பழைய மாடல் என்றால் அதையும் கழற்றிவிட்டு அழுத்துங்கள். பல திங்க்பேட் மாடல்களில் இதற்கென்றே அடிப்பக்கம் ஊசித்துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி மெதுவாக அழுத்தினால் போதும்.

எந்தத் திருப்புளியும் வேண்டாத இந்த வேலையைச் செய்யாமல் யாரும் தங்கள் லேப்டாப்பை டெட் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

* * *

போர்டு சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். நண்பர் சொன்னதுதான் முதல் படி. அதோடு ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன்: லேப்டாப்பில் செருகும் கணத்தில் சார்ஜர் விளக்கு என்ன ஆகிறது?

என்னிடம் வந்த ஒரு லேப்டாப்பில், சுவர் பிளக்கில் போட்டதும் சார்ஜர் விளக்கு எரியும். லேப்டாப்பில் பின்னைச் செருகியதும் பட்டென்று அணைந்துவிடும். கழற்றினால் சிறிது நேரத்தில் மறுபடி எரியும். கொண்டுவந்தவர் சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதே வாங்கிவிட்டார். அதுவும் அப்படியே அணைந்தது. சார்ஜர் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே எங்கோ ஷார்ட். அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கப்படுவதை உணர்ந்து சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்கிறது. இந்த அறிகுறி தெரிந்தால் மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள். போர்டில் நல்லபடியாக இருக்கும் பாகமும் எரிந்துபோகலாம்.

அவரிடம் ஏற்கெனவே ஒருவர் "மதர்போர்டையே மாத்தணும்" என்று சொல்லியிருந்தார். திறந்து, பேட்டரி இணைப்பைப் பிரித்து, சார்ஜர் மின்சாரம் போர்டுக்குள் வரும் மெயின் லைனில் மல்டிமீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்ய ஓம், அதாவது ஷார்ட். வோல்ட்டை நாமே அமைத்துக்கொள்ளும் பெஞ்ச் பவர் சப்ளையிலிருந்து 1 வோல்ட் மட்டும், மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்துக் கொடுத்தேன். போர்டின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவினேன். ஷார்ட் ஆன பாகம் சூடாகுமல்லவா, அந்த இடத்தில் மட்டும் ஈரம் சட்டென்று ஆவியாகிக் காய்ந்தது. எள்ளளவு இருக்கும் ஒரு செராமிக் கப்பாசிட்டர்! அதை எடுத்துவிட்டு அதே மதிப்பில் வேறு போட்டதும் போர்டு எழுந்துவிட்டது.

எல்லா ஷார்ட்டும் இவ்வளவு சுலபத்தில் முடியாது. மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் போன்ற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி, அதன் வழியே பிராசஸருக்கு 19 வோல்ட் பாய்ந்திருந்தால் காப்பாற்றுவது கடினம். ஆனாலும் "போர்டு போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், எந்த லைன், எந்தப் பாகம் என்று கேளுங்கள். அளந்து பார்த்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

* * *

சார்ஜர் விளக்கைப் பற்றி அண்ணா சொன்னது சாதாரண உருண்டை பின் சார்ஜருக்குச் சரி. என் லேப்டாப் டைப்-சி. சில வாரம் பையிலேயே கிடந்து, எடுத்தபோது அசையவில்லை. கையில் இருந்த மொபைல் சார்ஜரை இரவு முழுக்கப் போட்டும் பலனில்லை. அலுவலகத் தோழி தன் 65 வாட் லேப்டாப் சார்ஜரைக் கொடுத்தார். அதைப் போட்டும் உடனே எதுவும் வரவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டைப்-சியில் சார்ஜரும் லேப்டாப்பும் பேசிக்கொண்டுதான் மின்னழுத்தத்தை முடிவு செய்கின்றன: 5, 9, 15, 20 வோல்ட். பெரும்பாலான லேப்டாப்புகள் 20 வோல்ட் கேட்கும். 5 அல்லது 9 வோல்ட்டுக்கு மேல் தராத மொபைல் சார்ஜரை அவற்றில் பல கண்டுகொள்வதே இல்லை. மேலும் லித்தியம் செல் சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே வடிந்துவிட்டால், பாதுகாப்புக்காக முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தில்தான் சார்ஜ் ஏறும். அந்த நேரம் வெளியே ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். பொறுமையாக விட வேண்டும்.

இன்னொன்று, டைப்-சி சார்ஜர் முனையில் சும்மா மல்டிமீட்டர் வைத்தால் எதுவும் காட்டாது. மறுமுனையில் ஒரு கருவி இருப்பதை உணர்ந்த பிறகே அது மின்சாரம் விடும். இதைத் தெரியாமல் நல்ல சார்ஜரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

* * *

எனக்கு விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. இது வேறு வகை என்று நினைக்கிறேன்.

முதலில் திரைதான் பிரச்சினையா என்று பார்க்க எச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணைத்தேன், அதிலும் படம் இல்லை. கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மின்னுவதை அப்போதுதான் கவனித்தேன். அது ஒரு குறியீடு. எத்தனை முறை மின்னுகிறது என்பதை வைத்து எந்தப் பாகத்தில் கோளாறு என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். எச்பியில் பெரும்பாலும் கேப்ஸ் லாக், டெல்லில் பவர் அல்லது பேட்டரி விளக்கு. என்னுடையது ரேம் என்று சொன்னது. அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைப் பிரித்த பிறகு, ரேம் இரண்டையும் எடுத்து, பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டேன். படம் வந்தது. இன்னொன்றையும் சேர்த்தேன், அதற்கும் வந்தது. ஸ்லாட்டில் சரியாகப் பதியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

* * *

மேலே எழுதிய தம்பிக்கு ஒரு சேர்க்கை. புதிய டிடிஆர்5 வகை ரேம் போட்ட பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது, சில நிமிடம் வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். ரேமுக்கு ஏற்ற நேர அளவுகளை லேப்டாப் சோதித்துப் பழகும் நேரம் அது. பயந்துபோய் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

* * *

யாரும் இதைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அலுவலகத்தில் ஒரு சக ஊழியர், ஆன் செய்த லேப்டாப் திரை உடனே அணைந்துவிடுகிறது என்று தவித்தார். வீட்டில் வேலை செய்கிறது, மேசையில் மட்டும் செய்யவில்லை! பார்த்தால், மூடிவைத்த பழைய லேப்டாப் ஒன்றின் மேல் இதை வைத்திருந்தார். மூடி மூடப்பட்டதை உணர உள்ளே ஒரு ஹால் சென்சார் இருக்கும். திரை விளிம்பில் உள்ள காந்தம் அருகே வந்தால் தூங்கப் போய்விடும். கீழே இருந்த லேப்டாப்பின் காந்தம் இதை ஏமாற்றியிருக்கிறது. காந்தப் பூட்டு வைத்த மொபைல் உறை, காந்தக் கைக்கடிகாரப் பட்டை, இவையும் இதைச் செய்யும். எதையும் கழற்றுவதற்கு முன் அக்கம்பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

* * *

தண்ணீர் பட்டு அணைந்த லேப்டாப் என்றால் மேலே உள்ள எதையும் செய்யாதீர்கள். பட்டனைத் தொடவே வேண்டாம். சார்ஜரைப் பிடுங்குங்கள், முடிந்தால் பேட்டரி இணைப்பைப் பிரியுங்கள், யாரிடமாவது கொண்டுபோய்த் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளியே காய்ந்துவிட்டதே என்று என் அக்கா வீட்டில் ஆன் செய்தார்கள், ஓடவும் செய்தது. வாரங்கள் கழித்து, உள்ளே அரிப்பு பரவி, மொத்தமாக நின்றது.

அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அதுவும் அப்படித்தான். பேட்டரி வீங்கியிருக்கிறது. அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்.

* * *

ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரத்தில் என் லேப்டாப் நின்றது. அழுகையே வந்துவிட்டது. சர்வீஸில் இருந்தவர் ஒரு வார்த்தை சொன்னார்: "போர்டு செத்தா ஃபைல் சாகாதும்மா." கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகினார். கோப்புகளைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டது. 48 இலக்கம். என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருந்தது, கோப்புகள் முழுதும் கிடைத்தன. சேமிப்புச் சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கும் மாடல்களில் இந்த வழி இல்லை. உங்களுடையது எந்த வகை, சாவி எங்கே இருக்கிறது என்று லேப்டாப் நன்றாக ஓடும்போதே பார்த்து வையுங்கள்.

* * *

என்னுடையது ஆன் ஆகி ஐந்தாறு விநாடியில் தானாக அணைகிறது. அழுத்திப் பிடித்தும் பார்த்துவிட்டேன். சார்ஜர் விளக்கு அணையவில்லை. ரேமா, சூடா?

* * *

சூட்டினால் என்றால் பெரும்பாலும் அதைவிடச் சற்று நேரம் ஓடிவிட்டுத்தான் அணையும். பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போர்டை அளக்க வேண்டியதுதான், எழுதுங்கள்.

* * *

நன்றி அண்ணா. பேட்டரியைப் பிரித்ததும் அணையாமல் ஓடுகிறது. பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும் போல.