தங்கச்சியின் ஒப்படைக்கு ஒரு வழி சொல்லுங்கோ

வணக்கம். கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிற என் தங்கச்சி, வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுவது பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஒப்படை எழுதினாள். இணுவில் தோட்டக்காரரிடம் உரம் பற்றிக் கேட்டு எழுதிய குறிப்புகள் கொப்பியில் அப்படியே இருக்கின்றன. ஆங்கிலத்தை மட்டும் திருத்தலாம் என்று சாட்ஜிபிடியிடம் கொடுத்திருக்கிறாள். அது தன்பாட்டில் இரண்டு உசாத்துணைகளையும் சேர்த்துவிட்டது. தேடிப் பார்த்தோம், அப்படிக் கட்டுரைகளே இல்லை. ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சொட்டாக இருக்கிறது, அதுதான் பகிடி.

ஒப்படைகளைச் சோதிக்கிற டேர்னிட்டின் மென்பொருளில், மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகிற ஒப்புமை வீதம் குறைவு, ஏஐ எழுதியதாகக் கணிக்கிற வீதம்தான் கூட. இரண்டும் வேறு வேறு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, ஏஐ எழுத்தைக் கண்டறியும் தன் சொந்தக் கருவியையே துல்லியம் போதாதென்று 2023 யூலையில் நிறுத்தியது. இதைச் சொல்லி வாதாடலாமா? ஆனால் உசாத்துணை விசயம் எங்கள் பிழைதான், மறைக்க விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளரைச் சந்திக்க வேண்டும். கொப்பியும் கூகுள் டொக்ஸின் பழைய பதிப்புகளும் கொண்டுபோனால் போதுமா? முதலிலேயே ஒத்துக்கொண்டு கடிதம் கொடுப்பது நல்லதா? இப்படி விசாரணைக்குப் போய் வந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியிலாவது சொல்லுங்கோ. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.