நார்மண்டியா, குயின் மேரியா? பழைய அட்லாண்டிக் கப்பல்களில் எது உசத்தி?

கடல்பித்தன்:
மூன்று மாதமாக நார்மண்டி கப்பலின் அட்டை மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று முன்தளம் முடிந்தது. மற்ற கப்பல்களில் அந்த இடம் நங்கூரச் சங்கிலி, அதைச் சுருட்டி இழுக்கும் விஞ்சு என்று ஒரே அடைசலாக இருக்கும். இதிலோ ஆமை ஓடு போல வளைந்த ஒரு மூடி எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. மேலே ஏறும் அலையும் அதில் வழுக்கி இரண்டு பக்கமும் வடிந்துவிடும். விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1935-ல் ஓடத் தொடங்கிய இந்தப் பிரெஞ்சுக் கப்பலுக்கு ஈடாக இன்னொரு பயணிகள் கப்பல் வந்ததே இல்லை என்பது என் கட்சி. வடிவமைத்தவர் விளாதிமிர் யூர்கேவிச். ஜார் காலத்து ரஷ்யாவில் போர்க்கப்பல் வரைந்தவர், புரட்சிக்குப் பிறகு பிரான்சில் குடியேறியவர். நீருக்கடியில் குமிழ் மூக்கு, நடுவில் அகன்று முனைகளில் ஒடுங்கும் உடல் எல்லாம் அவர் கைவண்ணம். 1,60,000 குதிரைத்திறனில், முதல் பயணத்திலேயே சராசரி 29.98 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 55 கி.மீ. அடுத்த ஆண்டு வந்த பிரிட்டனின் குயின் மேரி அதை முந்த இதைவிடக் கூடுதல் சக்தியைச் செலவழிக்க வேண்டியிருந்தது.

கொதிகலன்:
22 வருடம் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் நான். உங்கள் மாதிரியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: அதிர்வு. முதல் பருவத்தில் நார்மண்டியின் பின்பக்கத்தில் இருந்தவர்களுக்கு நிம்மதியே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் கப்பலை நிறுத்தி, கப்பலைத் தள்ளும் மூன்று இலைச் சுழலிகளை (propeller) கழற்றிவிட்டு நான்கு இலைச் சுழலிகளை மாட்டினார்கள். பின்பக்கம் நடுங்கினால் அங்கே படுப்பவன் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் மூன்றாவது புகைபோக்கி. அதில் புகையே வராது. காற்றோட்டத்துக்கும் நாய்க்கூண்டுகளுக்கும் வைத்தது. குயின் மேரியில் மூன்றும் வேலை செய்தன.

வேகத்துக்கும் வருகிறேன். அட்லாண்டிக்கை வேகமாகக் கடக்கும் கப்பலுக்கான நீல ரிப்பனை 1936-ல் குயின் மேரி பிடித்தது, 1937-ல் நார்மண்டி திரும்பப் பிடித்தது, 1938 ஆகஸ்டில் மறுபடி குயின் மேரி. அதற்குப் பிறகு 1952 வரை அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

தென்றல்விழி:
இரண்டு பேரும் பயணியை மறந்துவிட்டீர்கள். பொதுவாகக் கொதிகலனிலிருந்து மேலே போகும் புகைவழி கப்பலின் நட்டநடுவில் ஏறும். அதனால் கூடங்கள் துண்டு துண்டாகிவிடும். நார்மண்டியில் அதை இரண்டாகப் பிரித்து ஓரங்களில் ஏற்றி, மேலே புகைபோக்கிக்குக் கீழே சேர்த்தார்கள். நாடக அரங்கிலிருந்து பெரிய கூடத்தைத் தாண்டிக் கண் நேராகப் போகும். கீழே முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம் 300 அடிக்கும் மேல் நீளம். ஒரே நேரத்தில் 700 பேர் உட்காரலாம். ஒரு ஜன்னல் கிடையாது. முழு வெளிச்சமும் பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் லாலிக் செய்த கண்ணாடி விளக்குத் தூண்களிலிருந்துதான். குயின் மேரியின் மர வேலைப்பாடு அருமைதான், ஆனால் அது ஒரு நல்ல ஹோட்டல். இது வேறு.

ஒரு திருத்தம், கடல்பித்தன் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: புகைவழியைப் பிரிப்பது பிரெஞ்சுக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1914-ல் வந்த ஜெர்மானியக் கப்பல் வாட்டர்லாண்டிலேயே இருந்தது.

கொதிகலன்:
நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய கூடத்தில்தான் அம்மா, 1942 பிப்ரவரி 9 அன்று தீப்பிடித்தது. அவ்வளவு பெரிய திறந்தவெளியில் தீயைத் தடுக்க என்ன இருக்கிறது?

கடல்பித்தன்:
இதை ஏற்க மாட்டேன் சார். அப்போது கப்பல் நியூயார்க்கில், படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காக மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. உலோகம் அறுத்த பொறி, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு உடைகள்மீது விழுந்தது. கப்பலின் சொந்தத் தீ எச்சரிக்கை அமைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சுக் குழாய் இணைப்பில் நியூயார்க் குழாய்கள் பொருந்தவில்லை. தீயணைப்புப் படகுகள் பீய்ச்சிய தண்ணீர் மேல்தளங்களில் தேங்கி, மறுநாள் அதிகாலை கப்பல் சாய்ந்து விழுந்தது. தீப்பிடித்த அன்று யூர்கேவிச்சே அங்கே வந்தார். அடிப்பகுதியில் கடல்நீரை விட்டால் கப்பல் நிமிர்ந்தபடியே தரைதட்டி நிற்கும் என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. கப்பலைப் பெற்றவன் வாசலில் நிற்கிறான், உள்ளே விடவில்லை. இதில் வடிவமைப்பின் குற்றம் எங்கே இருக்கிறது?

கொதிகலன்:
சரி, தீ விஷயத்தை விட்டுவிடுகிறேன். நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் கப்பல் என்பது ஓடுவதற்கு. நார்மண்டி ஓடியது நான்கு வருடத்துக்குச் சற்று மேல்தான், அதிலும் பாதிப் படுக்கை காலி. குயின் மேரி 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்தது. போர் முடிந்து 1967 வரை உழைத்தது. இன்று கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கிறது. நான் போயிருக்கிறேன். பின்பக்கத்தில் ஒரு இரும்புத் தொட்டி இருக்கிறது. எட்டிப் பார்த்தால் கீழே விளக்கு வெளிச்சத்தில், பச்சைத் தண்ணீருக்குள் ஒற்றைச் சுழலி. என்னைவிடப் பல மடங்கு பெரியது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

தென்றல்விழி:
நார்மண்டியையும் தொட்டுப் பார்க்கலாம் சார். அதன் சாப்பாட்டுக் கூடத்துக் கதவுகளின் வெண்கலப் பதக்கங்கள் புரூக்ளினில் ஒரு லெபனானியத் தேவாலயத்தின் கதவில் இருக்கின்றன. பெரிய கூடத்தின் கண்ணாடிச் சித்திரங்களில் ஒரு பகுதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். அடுத்த தடவை அமெரிக்கா போனால் அந்தக் கதவைத் திறந்துவிட்டு வந்து எழுதுங்கள்.