முதல் தூறலுக்கே சறுக்குற வளைவு: டயரோ, வீதியோ?

குளத்தடியாள்:
வணக்கம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு உள்வீதியால ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில படிப்பிக்கப் போறனான். போன கிழமை தூறல் தொடங்கின கையோட வளைவில பின் டயர் இழுத்து விழுந்திட்டன். முழங்கை உரஞ்சினதோட தப்பினன். ரெண்டு நாளால அதே இடத்தில பால் கொண்டுபோற ஐயா விழுந்து தோள் எலும்பு வெடிச்சிட்டுது. நான் வந்தது 40இலதான். டயரும் புதுசு. பெருமழை அடிச்ச பிறகு கொஞ்சம் குறையுது, ஆனா அந்த வளைவு முழுசா மாறேல்லை. குழி ஒண்டும் இல்லாத வீதி எண்டபடியால் ஆரிட்டச் சொன்னாலும் "வேகமா வந்திருப்பியள்" எண்டுதான் சொல்லுகினம். எதைப் பாக்கோணும்?

வயல்காரன்:
தங்கச்சி, சிறுபோக வெட்டு முடிஞ்சு அந்த வீதியில நெல்லுக் காயவிட்டவையோ? பதரும் தூசியும் எண்ணெய்க் கசிவும் மாசக்கணக்காப் படிஞ்சு கிடக்கும். முதல் தூறல் அதைக் கழுவாது, குழைச்சுப் பசையாக்கும். பெருமழை கழுவிப்போடும். நானும் வீதியில காயவிட்டிருக்கிறன். இனிப் படங்கு விரிச்சு வளவுக்குள்ளதான்.

சல்லியும்தாரும்:
அண்ணை சொன்னது பாதிக் காரணம். கழுவின பிறகும் சறுக்குதெண்டால் வீதியின்ர தோலைப் பாக்கோணும். வெயில் நேரம் சில்லு ஓடுற தடம் கறுத்து மினுங்குதோ? அப்ப தார் கூடிப் போச்சு. சூட்டுக்கு இளகி மேல வந்து சல்லியை மூடிப்போடும். தார் இல்லாமல் சல்லியின்ர தலையே வழவழத்து மினுங்கினால், கல்லுத் தேய்ஞ்சிட்டுது. சுண்ணாம்புக்கல் கெதியாத் தேயும், கருங்கல் தாங்கும்.

கல்லின்ர சொரசொரப்புத்தான் டயரைப் பிடிக்கிறது. சல்லிகளுக்கு இடையில இருக்கிற பள்ளம் தண்ணியை வடிய விடுறது. தார் ரெண்டையும் மூடும்.

40 மீற்றர் ஆரையுள்ள சமதரை வளைவெண்டு வையுங்கோ. உராய்வுக் குணகம், அதாவது டயருக்கும் வீதிக்கும் இடையில இருக்கிற பிடிப்பின்ர அளவு, 0.7 எண்டால் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் வேகம் வரைக்கும் தாங்கும். அது 0.3க்கு இறங்கினால் 39இலேயே சறுக்கும். நீங்கள் 40 எண்டு சொன்னதை நான் முழுசா நம்புறன்.

முறையா அளக்கிறதுக்கு ஊசல் கருவி இருக்கு. ஊசலின்ர றப்பர்க் கால் நனைச்ச வீதியில உரசிப்போகும், வீதி எவ்வளவு பிடிக்குதெண்டு எண்ணில வாசிக்கிறது. எண் கூடினால் பிடிப்பும் கூட. பிரித்தானியாவில 1969இல குடுத்த வழிகாட்டலில கூர்வளைவு மாதிரி இடங்களுக்கு 65, சாதாரண இடங்களுக்கு 45 எண்டு இருந்தது. வளைவுக்குக் கூடவாக் கேட்டிருக்கினம், பாருங்கோ.

வீட்டில செய்யிறதெண்டால், காய்ஞ்ச வீதியில அரிச்ச மெல்லிய மணல் 25 மில்லிலீற்றர் கொட்டி, தட்டையான கட்டையால வட்டமாத் தேய்ச்சுப் பரப்புங்கோ. மணல் சல்லி மட்டத்துக்கு வந்ததும் விட்டத்தை அளவுங்கோ. 20 சென்ரிமீற்றர் எண்டால் சராசரிப் பள்ளம் 0.8 மில்லிமீற்றர். 30 எண்டால் 0.35தான். ரெண்டு பக்கமும் ஆக்களை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ, வளைவில குனிஞ்சு நிக்கிறது பயங்கரம்.

குளத்தடியாள்:
நேற்று நானும் தம்பியாக்களும் செய்தம். தடத்தில 31, ஓரத்தில 20. தடம் கண்ணாடி மாதிரிக் கறுப்பு, மத்தியானம் செருப்பில தார் ஒட்டுது. ஆரிட்டப் போறது?

முறிகண்டிப்பாதை:
அக்கா, முதல் வீதி ஆற்ற பொறுப்பில எண்டு பாருங்கோ. ஏ, பி வகை வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். சின்ன உள்வீதி பிரதேச சபை. "வீதி சறுக்குது" எண்டு மட்டும் எழுதினால் தூக்கி வைச்சிடுவினம். விழுந்த திகதியள், நேரம், மழையோ வெயிலோ, மணல் வட்டத்தின்ர படம் அடிமட்டத்தோட, எல்லாம் சேருங்கோ.

சல்லியும்தாரும்:
திருத்தம் பெரிய செலவில்லை எண்டும் எழுதுங்கோ. தார் இளகின சூட்டில கரடான கல்லுத்தூள் பரப்பி உருளை ஓட்டினால் கனக்கப் பிடிக்கும். கூட மோசமெண்டால் மேல்தோலைச் சுரண்டிப் புதுசாப் போடோணும். அதுவரைக்கும் வளைவுக்கு முதலே வேகத்தைக் குறைச்சு, சரிஞ்சபடி பிறேக் பிடிக்காமல், கறுத்த தடத்தை விட்டு ஓடுங்கோ.

குளத்தடியாள்:
பிரதேச சபை வீதிதான். கடிதம் எழுதியாச்சு. பால்கார ஐயா ஒரு கை கட்டோட இருக்கிறார், மற்றக் கையால முதல் கையெழுத்து அவர்தான் போட்டவர். திங்கட்கிழமை குடுக்கிறம்.