அப்பா வெள்ளைத்தாளில் எழுதிய உயில் செல்லுமா? பதிவு செய்யாவிட்டால் சிக்கல் வருமா?

கேட்டவர்: ரப்பர்விளை, மார்த்தாண்டம் அருகில்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 79. அம்மா 2019-இல் தவறிவிட்டார்கள். அண்ணன் குடும்பத்தோடு மஸ்கட்டில் இருக்கிறார்; தங்கையை நாகர்கோவிலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்; நானும் என் மனைவியும் குடும்ப வீட்டில் அப்பாவோடு இருக்கிறோம். நாங்கள் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். அப்பா வேலையில் இருந்தபோது வாங்கிய 14 சென்டும் அதிலுள்ள வீடும், 62 சென்ட் ரப்பர் விளையும், தாத்தா வழியில் வந்த 30 சென்ட் தென்னந்தோப்பும்தான் சொத்து.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, யாரும் கேட்காமலேயே, அப்பா தம் கைப்பட நான்கு பக்கங்களில் ஓர் உயில் எழுதினார். வீடு எனக்கு, ரப்பர் விளை எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி, தோப்பில் 5 சென்ட் சபைக்கு, மீதி 25 சென்ட் அண்ணனுக்கு. தங்கைக்குக் கல்யாணத்தின்போதே நகையும் பணமும் கொடுத்தாயிற்று என்றும், பழைய திருவிதாங்கூர் சட்டப்படி மகளுக்குப் பங்கில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டபோது உடனிருந்த என் மனைவி முதல் சாட்சியாகக் கையெழுத்திட்டாள். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மாமா வந்தபோது அப்பா அந்தத் தாள்களைக் காட்டி, "இது என் உயில், இது என் கையெழுத்து" என்று சொல்ல, அவர் அங்கேயே அமர்ந்து இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்திட்டார்.

முத்திரைத்தாளில் எழுதாததும், பதிவு செய்யாததும், சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இல்லாததும் குறைகளாகுமா? சென்ற ஆண்டு இலேசான பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவின் கையெழுத்து சற்று நடுங்குகிறது. இதை வைத்துப் பின்னால் யாரும் கேள்வி எழுப்ப முடியுமா?

பதில் 1: குழித்துறைக்காரன்

நண்பரே, எனக்குத் தெரிந்தவரை 100 ரூபாய் முத்திரைத்தாளாவது வேண்டும். பதிவு செய்யாத உயிலை எந்த அலுவலகத்திலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். என் மாமனார் குடும்பத்தில் பட்டா மாற்றப் போனபோது அப்படித்தான் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆதார எழுத்தர் (பத்திர எழுத்தர்), தக்கலை

மேலே சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அலுவலகத்தில் கேட்கப்படுவது வேறு, சட்டம் கேட்பது வேறு. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. நோட்டுப் புத்தகத் தாளில் எழுதினாலும் உயில் உயில்தான். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் உயிலைப் பதிவு செய்வதை விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. மற்ற ஆவணங்களுக்குள்ள நான்கு மாதக் கெடுவும் இதற்கு இல்லை. எப்போது வேண்டுமானாலும், எழுதியவர் இறந்த பிறகுங்கூட, பதிவுக்குக் கொடுக்கலாம். நம் மாவட்டச் சொத்துக்கு இங்கே எழுதப்படும் உயிலை நீதிமன்றத்தில் புரோபேட் செய்தாக (உயில் மெய்யானது என்று நீதிமன்றச் சான்று பெற்றாக) வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

உயிலின் உயிர் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. எழுதுபவர் கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் அவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ளக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆகவே மறுநாள் காலையில் வந்த உங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை, நீங்கள் கேட்காத இடத்தில் இருக்கிறது. நீங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவு உங்களைக் கட்டுப்படுத்தும். உயிலால் பயன்பெறுபவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்திட்டால், உயில் கெடாது, சாட்சியும் சாட்சிதான், ஆனால் அவருக்குக் கொடுத்த கொடை மட்டும் செல்லாமல் போகும். உங்கள் மனைவி சாட்சியாக நின்றதால், வீடும் ரப்பர் விளையில் உங்கள் பாதியும் உயில் எழுதாமல் விட்ட சொத்து போலாகி, மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். அண்ணனின் பங்குக்கும் சபையின் 5 சென்டுக்கும் ஒன்றும் ஆகாது. அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிற உங்களுக்குத்தான் இழப்பு! நல்லவேளையாக அப்பா தெளிவோடு இருக்கிறார். வேறு சாட்சிகளை வைத்துப் புதிதாக எழுதிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

அடுத்து, தங்கையைப் பற்றிய அந்த வரி. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத்தான் மகளுக்குக் கொடுத்தது. பழைய சமஸ்தானத்தில் 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தம் சொந்தச் சொத்தை மகளுக்குக் கொடுக்காமல் விட உங்கள் அப்பாவுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இல்லாத சட்டத்தைக் காரணமாக எழுதினால், அவர் விவரம் புரியாமல் எழுதினார் என்று வாதிட நாமே இடம் கொடுத்ததாகும். காரணம் எழுத விரும்பினால் கல்யாணத்தின்போது கொடுத்ததை மட்டும் எழுதட்டும்.

தென்னந்தோப்பைத்தான் நான் இன்னும் கூர்ந்து பார்ப்பேன். தாத்தா எப்போது இறந்தார், உயில் எழுதினாரா, உங்களுக்கு அத்தைமார் உண்டா? அவர் 1951-க்குப் பிறகு உயிலில்லாமல் இறந்திருந்தால், அத்தைமாருக்கும் அதில் சமபங்கு பிறந்திருக்கும். அவர்கள் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தம்முடையதை மட்டுமே ஒருவர் உயிலில் கொடுக்க முடியும். பட்டா தம் பெயரில் இருப்பது மட்டும் அதற்குப் போதாது.

பதில் 3: தோவாளை வாசி

ஐயா சொன்ன 67-ஆம் பிரிவு இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். படிப்பவர்கள் குழம்பக் கூடாது. திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் தானாக ரத்தாகிவிடும் என்னும் 69-ஆம் பிரிவும் அப்படித்தான்: கிறிஸ்தவர்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லை.

அதற்காக இந்துக் குடும்பங்களில் பயன்பெறுபவரின் மனைவியைச் சாட்சியாக வைப்பது அறிவுடைமை ஆகாது. என் பெரியப்பாவின் உயிலில் இரண்டு சாட்சிகளும் அவரைவிட மூத்தவர்கள். அவர் இறப்பதற்குள் ஒருவர் போய்விட்டார். மற்றவர் நீதிமன்றத்தில் கூண்டேறியபோது, கையெழுத்து தம்முடையதுதான், ஆனால் பெரியப்பா கையெழுத்திட்டதைப் பார்த்தேனா என்பது நினைவில்லை என்று சொல்லிவிட்டார். உயில் விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தால், உயிருடன் இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது அழைத்து மெய்ப்பிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. எங்கள் உயில் முறையாகப் பதிவு செய்யப்பட்ட உயில் என்பதைக் கவனியுங்கள். பதிவு அந்தக் குறையை மூடவில்லை. நாங்கள் ஒன்பது ஆண்டுகள் அலைந்தோம். சாட்சிகள் வயதில் இளையவர்களாக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லை, உயிலை எழுதிக் கொடுத்தவர் அன்று சொல்லியிருக்கலாம்.

கை நடுக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கை நடுங்கலாம், மனம் தெளிவாக இருந்தால் போதும். ஆனால் எழுதியவரின் உடல்நிலை, பயன்பெற்றவரே முன்னின்று எழுத வைத்தது, ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் ஒதுக்கியது போன்ற சந்தேகச் சூழ்நிலைகள் இருந்தால், அவற்றை விலக்கிக் காட்டும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். ஆகவே கையெழுத்திடும் நாளில் அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம், சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று ஒரு சான்று வாங்கி வையுங்கள். அந்த மருத்துவரே சாட்சியாக நின்றால் இன்னும் நல்லது.

கேட்டவர்: ரப்பர்விளை

அனைவருக்கும் நன்றி. 67-ஆம் பிரிவைப் படித்ததும் என் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. உதவி என்று நினைத்துத்தான் அவள் கையெழுத்திட்டாள். தாத்தா 1974-இல் உயிலில்லாமல் இறந்தார், அத்தைமார் இருவர். மூத்த அத்தையின் விடுதலைப் பத்திரம் பீரோவில் இருக்கிறது, இளைய அத்தையுடையது இல்லை. இன்னும் மூன்று ஐயங்கள். அப்பாவின் வைப்புத்தொகைக்கு நான்தான் நாமினி. அதை உயிலில் எழுத வேண்டுமா? சபைக்கு நிலம் எழுதுவதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டா? மாடிப்படி ஏற முடியாத அப்பாவை எப்படிப் பதிவுக்கு அழைத்துச் செல்வது?

பதில் 4: ஓய்வுபெற்ற ஆதார எழுத்தர், தக்கலை

வைப்புத்தொகையைக் கட்டாயம் எழுதுங்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான். உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வெளிநாட்டுப் பணம் புழங்கும் நம் வீடுகளில் அண்ணன் தம்பி பேச்சு நின்று போவதற்கு இந்த ஒரு தவறான எண்ணமே பெரும்பாலும் காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சபைக்கு எழுதுவதில் முன்பு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்கு 12 மாதங்களுக்கு முன்பே உயிலெழுதி, ஆறு மாதத்துக்குள் அதை ஒப்படைத்திருந்தால்தான் மத, தரும காரியங்களுக்குக் கொடுக்க முடியும் என்று 118-ஆம் பிரிவு சொன்னது. ஜான் வள்ளமற்றம் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. ஆனால் அந்த 5 சென்டை, இளைய அத்தையின் விடுதலைப் பத்திரம் வரும்வரை எழுதாமல் இருப்பதே நல்லது. சபையையும் சேர்த்து வழக்கில் இழுத்துவிட வேண்டாம்.

நடக்க முடியாதவருக்குத் தகுந்த காரணம் காட்டி விண்ணப்பித்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. பதிவு வேண்டாமென்றால், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழியிருக்கிறது. பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. அப்பா இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ அன்றி வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். ஆகவே அண்ணனுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை, அஞ்சுகிறீர்களா என்பது வேறு விஷயம்.

புதிய உயிலில் இடம், மறுநில அளவை எண், பழைய எண், நான்கெல்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். விட்டுப்போன சொத்து யாருக்கு என்று ஒரு வரி இருக்கட்டும். முன்பு எழுதியவற்றை ரத்து செய்கிறேன் என்றும் தேதியோடு எழுதட்டும். ஆனால் புதியதில் எல்லாரும் கையெழுத்திட்டு முடியும்வரை பழைய தாள்களைக் கிழித்துவிடாதீர்கள்.

பதில் 5: குளச்சல் துறைமுகம்

ஒரு சிறு சேர்க்கை. முஸ்லிம்களுக்கு மேலே சொன்னவை அப்படியே பொருந்தாது. அடக்கச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கே கொடுப்பதானால், எழுதியவர் இறந்த பிறகு மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். இங்கே படித்துவிட்டு எங்கள் பக்கத்தில் யாரும் முழுச் சொத்தையும் எழுதிவிட வேண்டாம்.

கேட்டவர்: ரப்பர்விளை

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இளைய அத்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போகிறோம். தங்கையைப் பற்றிய வரியை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதுகிறார். என்ன என்று நான் கேட்கவில்லை. மருத்துவரும் பக்கத்து வீட்டு மாமாவின் மகனும் சாட்சிகளாக நிற்கச் சம்மதித்திருக்கிறார்கள். அன்றைக்கு என் மனைவி காப்பி போடுவதோடு சரி.