ஹார்ன்வொர்ட் நீர்ச்செடி கிடக்கும் தொட்டியில் மட்டும் தண்ணீர் பச்சையாகவில்லை, ஏன்?

கல்லிடை_கப்பி:
வீட்டுக்குப் பின்னால் இரண்டு சிமெண்ட் தொட்டி. ஒரே போர் தண்ணீர், ஒரே வெயில், இரண்டிலும் கப்பி மீன். ஒன்றில் ஹார்ன்வொர்ட் அடர்ந்து கிடக்கிறது, கன்னடியன் கால்வாயில் அள்ளி வந்தது. அதில் அடித்தரை வரை தெரிகிறது. இன்னொன்றில் மீனே தெரியவில்லை, அவ்வளவு பச்சை. செடி ஏதோ மருந்து விட்டுப் பாசியைக் கொல்லும் என்று மீன் கடையில் சொன்னார்கள். உண்மையா? மீனுக்கு ஒன்றும் ஆகாதே?

பாளை_தாவரவியல்:
தம்பி, கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிக்கதை. செடிகள் வேதிப்பொருள் விட்டு அக்கம்பக்கத்துச் செடியை அடக்குவதற்கு அல்லிலோபதி என்று 1937-ல் ஹான்ஸ் மோலிஷ் என்ற தாவரவியலாளர் பெயர் வைத்தார். நீர்ச்செடிகளில் இதற்குப் பேர்போனது மிரியோபில்லம் ஸ்பைகேட்டம். அது டெல்லிமாகிராண்டின் என்ற டானினை, அதாவது துவர்ப்புப் பொருளை, தண்ணீரில் விடும். கரிமக் கழிவுகளில் மாட்டியிருக்கும் பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கப் பாசிக்கு ஒரு நொதி உண்டு, அல்கலைன் பாஸ்படேஸ். இந்த டானின் அந்த நொதியை முடக்கும், ஒளிச்சேர்க்கையையும் தடுக்கும். அரிசியையும் பிடுங்கி அடுப்பையும் அணைத்த மாதிரி. அதிகம் அடிபடுவது நீலப்பச்சைப்பாசிதான். செடியின் மேலேயே ஒட்டி வளரும் பாசி அவ்வளவாக அசைந்து கொடுக்காது.

ஹார்ன்வொர்ட்டின் சாறும் ஆய்வகத்தில் பாசியை அடக்குகிறது. ஆனால் உங்கள் தொட்டி தெளிவாக இருப்பதற்கு அதை முதல் காரணமாக நான் சொல்ல மாட்டேன். அது வேரில்லாத செடி. சாப்பாடு முழுக்கத் தண்ணீரிலிருந்துதான். மீன் கழிவில் வரும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் எல்லாவற்றையும் இழுத்துவிடும். மேலே நிழல் வேறு. கப்பியிடமிருந்து தப்பிய டாப்னியா என்ற பொடி நீருயிர் இலைச்சந்தில் ஒளிந்திருந்தால் அதுவும் பாசியைத் தின்னும்.

பசியா, மருந்தா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு பாட்டிலில் செடித்தொட்டித் தண்ணீரை வடிகட்டி எடுங்கள், இன்னொன்றில் போர் தண்ணீர். இரண்டிலும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை ஒரே அளவு துளி போட்டுப் பசியைத் தீர்த்துவிடுங்கள். பச்சைத் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலுக்கு ஒரு கரண்டி விடுங்கள். ஒரே வெயிலில் வையுங்கள். இரண்டும் ஒன்றுபோலப் பச்சையானால் செடித்தொட்டியில் பாசியை அடக்கியது மருந்து இல்லை, பசியோ நிழலோ டாப்னியாவோதான் என்று அர்த்தம். செடித்தண்ணீர் பின்தங்கினால் மருந்துக்கும் பங்கு உண்டு. இந்தப் பொருட்களை பாக்டீரியா சீக்கிரம் சிதைத்துவிடும். அதனால் தினமும் இரண்டிலும் கொஞ்சம் கொட்டிவிட்டு அதனதன் தண்ணீரைப் புதிதாக ஊற்ற வேண்டும். இதைச் செய்யாமல் 'மருந்தே இல்லை' என்று முடிவு கட்டக்கூடாது.

மீனுக்குப் பயம் வேண்டாம். செடி ரொம்ப அடர்ந்தால் ராத்திரியில் ஆக்சிஜனை அதுவும் எடுக்கும், அதுதான் கவலை. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் பாதிச் செடியை அள்ளி வெளியே போடுங்கள்.

அம்பை_வயக்காடு:
அண்ணாச்சி, அப்போ ஆற்றில் சும்மா கிடக்கிற அமலைச்செடியை (ஆகாயத்தாமரை) போட்டால் போதாதா? வைக்கோலும் பாசியைத் தடுக்கும் என்று கேள்விப்பட்டேன்.

பாளை_தாவரவியல்:
அமலையின் வேரும் பாசியை அடக்கும் பொருளை விடுகிறது, வாஸ்தவம். ஆனால் அது தண்ணீரை மூடிவிடும், கீழே காற்றே போகாது. தாமிரபரணியில் அதை அள்ளி மாளவில்லை, வீட்டுக்கு வேறு கொண்டுபோகணுமா? வைக்கோல் இங்கிலாந்துப் பழக்கம், அங்கே பார்லி வைக்கோல். மெதுவாக மக்கும்போதுதான் வேலை செய்யும். புதுப்பாசி வராமல் தடுக்கும், இருப்பதைக் கொல்லாது. சின்னத் தொட்டியில் போட்டால் மக்குவதற்கே ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

கல்லிடை_கப்பி:
சரி சார், பாட்டில் வைத்துப் பார்க்கிறேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஆகும்தானே?

பாளை_தாவரவியல்:
ஆகும். இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும், மூடியை இறுக்காதீர்கள். உரப்பொட்டலத்தை மட்டும் மீன் தொட்டிப் பக்கம் வைக்காதீர்கள்.