ரொட்டிப் பூஞ்சையின் ஆரஞ்சு நிறம்: ஒளியின் வேலையா?

ஈசூன் வாசி:
சன்னலோரம் ஒரு ரொட்டித் துண்டையும் இருட்டு அலமாரிக்குள் ஒன்றையும் வைத்தேன். இரண்டிலும் ஆரஞ்சு நிறப் பூஞ்சை பூத்தது. நியூரோஸ்போரா எனும் இப்பூஞ்சையில் நீல ஒளி சில நிமிடம் பட்டாலே கரோட்டினாய்டு எனும் ஆரஞ்சு நிறமி உருவாகத் தொடங்கும் என்பதால், கதவைத் திறந்து பார்த்தபோது நுழைந்த வெளிச்சமே போதுமானதாக இருந்திருக்கும். நிறத்தை ஆள்வது ஒளியே என்பது என் வாதம்.

தெம்பனிஸ் ஆசிரியை:
தம்பி, அது நியூரோஸ்போராதான் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்தது மேலே பொடியாகப் படிந்த வித்துகளை. ஒளிக்குக் காத்திருப்பவையோ அடியில் படரும் இழைகள். வித்துகள் முழு இருட்டிலும் ஆரஞ்சாகவே விளையும். ஒரு மரபணு மாறியதால் ஒளியுணர்வு பழுதான பிறழ்வு வகைக்கு ஆய்வாளர்கள் ‘வெள்ளைக் கழுத்துப்பட்டி’ என்ற பொருளில் பெயரிட்டதும் அதனால்தான்: மேலே வித்துகள் ஆரஞ்சாக இருக்க, கீழே இழைகள் வெளுத்துப் பட்டிபோல் தெரியும்.

ஈசூன் வாசி:
அக்கா, அந்தப் பெயரே எனக்குச் சாட்சி சொல்கிறதே! அம்மரபணுவின் டபிள்யூசி-1 புரதம், தன்னோடு ஒட்டிய ஃபிளேவின் மூலக்கூறால் நீல ஒளியைப் பிடித்து, டபிள்யூசி-2 புரதத்துடன் இணைந்து, ஏஎல்-1, ஏஎல்-2, ஏஎல்-3 ஆகிய நிறமி மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. டபிள்யூசி-1தான் ஒளியேற்பி என்பது 2002இல் நிறுவப்பட்டது. இது ஆளுகை இல்லையென்றால் வேறு எது?

தெம்பனிஸ் ஆசிரியை:
இழைகளைப் பொறுத்தவரை மறுக்கவில்லை. ஆனால் முடுக்கிவிடுவது வேறு, அளவை முடிவு செய்வது வேறு. ஒளி நீடித்தால் விவிட் என்ற புரதம் அதே முடுக்கத்தை அடக்கிவிடுகிறது. அது பழுதான வகையில் ஆரஞ்சு இன்னும் அழுத்தமாகும். ஒரே அளவு ஒளி பட்டபின் 25 பாகை செல்சியஸில் வைத்த இழைகளைவிட 6 பாகையில் வைத்தவை அதிக நிறமி சேர்க்கின்றன. நம் ஊர் வெக்கையில் உங்கள் சன்னல் அவ்வளவு வல்லமை உடையதன்று.

புக்கிட் பாத்தோக் சமையற்காரர்:
பக்கத்து வீட்டு ஃபூச்சோ சீனப் பாட்டி ஆங் காக் அரிசி போட்டு மது ஊறவைப்பார். அவ்வரிசியைச் சிவப்பாக்கும் மொனாஸ்கஸ் பூஞ்சை இருட்டிலேயே நன்றாக நிறம் தரும்.

ஈசூன் வாசி:
மொனாஸ்கஸின் நிறமி கரோட்டினாய்டு அன்று, ஐயா. அதை இதற்கு ஒப்பிடுவது சரியாகாது. வித்துகளைப் பற்றி அக்கா சொன்னதை மட்டும் ஏற்கிறேன். பொடி தோன்றுமுன் இழைகளைப் பார்க்கும்படி சோதனையை மீண்டும் செய்கிறேன்.

தெம்பனிஸ் ஆசிரியை:
இருட்டுத் துண்டைக் கருந்தாளில் சுற்றி, நடுவில் எட்டிப் பார்க்காமல் வையுங்கள். இரண்டையும் மூடிய புட்டியில் வைப்பது முக்கியம்; இதன் வித்துகள் காற்றில் எளிதாகப் பறக்கும், பிறகு அலமாரியில் உள்ள நல்ல ரொட்டியும் ஆரஞ்சாகிவிடும்.