ஸ்டாண்ட்பை மின்சாரம்: எல்லாவற்றையும் பிடுங்கணுமா?

ஓம்விதி:
படுக்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 1 வாட் ஓயாமல் இழுத்தாலே ஆண்டுக்கு 8.76 யூனிட். ரிமோட்டில் அணைத்து ஸ்டாண்ட்பையில், அதாவது கரண்டோடு காத்திருக்கும் டிவியில், கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 24 மில்லியாம்பியர் காட்டுகிறது. 230 வோல்ட்டால் பெருக்குங்கள், ஐந்தரை வாட் சும்மா போகிறது.

சாலிடர்வாசனை:
கணக்கு சரி, அலகு தப்பு. அது ஐந்தரை வோல்ட்-ஆம்பியர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய எண் மட்டும். நிஜமாகச் செலவாகும் வாட் அல்ல. பவர் சப்ளை வாசலில் இரைச்சலை வடிகட்ட ஓர் எக்ஸ்2 கெபாசிட்டர் (மெயின் கரண்டுக்கான வகை, மின்சாரத்தைத் தேக்கி விடும் பாகம்) குறுக்கே நிற்கும். 0.33 மைக்ரோஃபாரட் என்றால் 50 ஹெர்ட்ஸில் அது ஒன்றே ஏறக்குறைய 24 மில்லியாம்பியர் காட்டும். வாங்கியதை அரைச் சுற்றுக்குள் திருப்பிக் கொடுத்துவிடும். நிஜச் செலவு அரை வாட்டுக்கும் கீழே இருக்கலாம்.

வீட்டு மீட்டரை வைத்தே அளக்கலாம். முகப்பில் 3200 பல்ஸ்/யூனிட் என்று போட்டிருந்தால், 1125-ஐ மீட்டரின் குட்டி விளக்கு மினுக்கும் இரண்டு மினுக்கலுக்கு இடைப்பட்ட விநாடியால் வகுங்கள், வாட் வரும். ஃபிரிட்ஜை 15 நிமிடம் அணைத்து, கதவைத் திறக்காமல், மற்றதெல்லாம் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது எண்ணுங்கள். 25 விநாடி என்றால் 45 வாட். செட்-டாப் பாக்ஸைப் பிடுங்கியதும் இடைவெளி 32 விநாடி ஆகிவிட்டால், அது மட்டும் 10 வாட் தின்கிறது. திருடன் அகப்பட்டான். காலி போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், இடைவெளி அசையாது.

ஃபியூஸ்கட்டை:
இரண்டு பேரும் வீண் வேலை பார்க்கிறீர்கள். சின்ன லோடை மீட்டர் எண்ணவே எண்ணாது. தினமும் போட்டு அணைத்தால் பொருள்தான் கெடும்.

சாலிடர்வாசனை:
எண்ணாத எல்லை உண்டு. ஆனால் அது வீட்டின் மொத்த லோடுக்கான எல்லை. ரவுட்டரும் ஃபிரிட்ஜும் ஓடும் வீட்டில் மீட்டர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் ஏறும் ஒவ்வொரு வாட்டும் கணக்கில் சேரும்.

கெடுவதைப் பற்றி: போடும் நொடியில் பாயும் இன்ரஷ் கரண்ட் நிஜம்தான். அதைத் தாங்கத்தான் உள்ளே தெர்மிஸ்டர், ஆறியிருக்கும்போது கரண்டைத் தடுக்கும் பாகம். சுவிட்சை டக்டக்கென்று தட்டினால் அது ஆற நேரமில்லை, அப்போது ஃபியூஸ் போகலாம். நாளுக்கு ஒருமுறை பிரச்சினையே இல்லை. மறுபக்கத்தையும் சொல்லுங்கள்: ஸ்டாண்ட்பை சப்ளையில் இருக்கும் குட்டி எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இரவும் பகலும் சூட்டில் காய்கிறது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதி.

ஓம்விதி:
அப்போ நான் சொன்னதுதானே! டிவி, பாக்ஸ், ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் ஒரே சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டில்.

ஃபியூஸ்கட்டை:
பிரிண்டரை அதில் சேர்க்காதீர்கள். இங்க்ஜெட்டை முதலில் அதன் பொத்தானில் அணைத்தால்தான் மை தெளிக்கும் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். வழியில் கரண்டை வெட்டினால் மை காய்ந்து துளை அடைக்கும். அடைப்பு எடுக்க ஓட்டும் கிளீனிங்கில் போகும் மை, மிச்சப்படும் மின்சாரத்தைவிட விலை அதிகம்.

சாலிடர்வாசனை:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஓஎல்இடி டிவியும் விதிவிலக்கு. அணைத்த பிறகு அது தானே பேனலைச் சரிசெய்துகொள்ளும், உடனே மெயினை அணைத்தால் அது நடக்காது. அதன் மெனுவில் 'விரைவுத் தொடக்கம்' இருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள், பாதிப் பயன் அங்கேயே கிடைக்கும்.

ஓம்விதி:
சரி, டிவியை விட்டுவிடுகிறேன். பாக்ஸுக்கு ஸ்மார்ட் பிளக்?

சாலிடர்வாசனை:
10 வாட் பாக்ஸுக்கு லாபம்தான். ஆனால் பிளக்கின் வைஃபை தானே ஒரு வாட் அளவில் எடுக்கும். அரை வாட் டிவிக்கு மாட்டினால் நட்டம். பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு மாட்டினால் இன்ரஷில் உள்ளே சுவிட்ச் வேலை செய்யும் ரிலே ஒட்டிக்கொள்ளலாம். ஆப்பில் 'ஆஃப்' என்று இருக்கும், கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். கைக்கு எட்டும் இடத்தில் சாதாரண சுவிட்சே போதும். பாக்ஸில் நிகழ்ச்சிப் பதிவு ஓட வேண்டிய இரவில் மட்டும் அணைக்காதீர்கள்.